வீரகத்தியர் கொண்டுவந்த காய்

அந்தக் காய் ஈரமாக இருந்தது. ஈரம்கூடப் பரவாயில்லை, மாரிகாலத்து ரயிலுக்குள் எதுதான் காய்ந்து கிடக்கிறது? ஆனால் அது சூடாகவும் இருந்தது. யாரோ இவ்வளவு நேரமும் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்துவிட்டு, இப்போதுதான் எடுத்துக் கையில் தந்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு. பிரேமிளா அதை மடியில் விரித்திருந்த லேஞ்சித் துணியில் போட்டுவிட்டு, விரல்களை யன்னல் கம்பியில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போகிற பின்னேர ரயிலில் அந்த நாலு பேரும் தினமும் சீட்டுக் கடதாசியில் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். பிரேமிளா கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர், வீடு வவுனியாவில். நாகேஸ்வரி அக்கா பிள்ளைப்பேறு பார்க்கிற குடும்பநல மருத்துவமாது. ஊர்ப் பெண்களுக்கு ‘மிஸ்ஸி’. ரஜிதன் கணக்கு வாத்தியார், வாய் ஓயாதவன், தோற்றால் கடதாசியைக் குறை சொல்லுவான், வென்றால் தன் மூளையைப் புகழுவான். நாலாவது கையாக இருந்த தங்கராசா மாற்றலாகிப் போனபோது, காயாக வைத்து விளையாடிய புளியங்கொட்டைகளையும் கொண்டு போய்விட்டார். அவர் இடத்தில் தானாக வந்து உட்கார்ந்தவர்தான் வீரகத்தியர்.

முரசுமோட்டைக்காரர். வயலும் மாடுமாக எழுபது வயதை எட்டிவிட்டவர். எந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். வவுனியா ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குப் படுத்திருக்கிற மகளுக்கு இராச்சாப்பாடு கொண்டு போகிறார் என்று சொன்னார். காலுக்கிடையில் எப்போதும் ஒரு சாப்பாட்டுக் கரியர் இருக்கும். முதல் நாளே, “காய் இல்லாமல் என்ன விளையாட்டு?” என்று சட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து எல்லோருக்கும் பகிர்ந்தார். ஆமணக்கங்கொட்டை போல இருந்தன. சாம்பல் நிறம், வழுவழுப்பு, ஒரு முனை மட்டும் கொஞ்சம் கறுப்பு.

“எங்கத்தைய கொட்டை ஐயா இது?” என்று ரஜிதன் கேட்டான்.

“வீட்டிலை விளையுறதுதான் தம்பி.”

விளையாட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். குறுக்காக இருப்பவர்கள் ஒரு சோடி. பிரேமிளாவும் நாகேஸ்வரியும் ஒன்று, ரஜிதனும் வீரகத்தியரும் மற்றது. எவ்வளவு எடுப்பேன் என்று ஏலம் போலக் கேள்வி கேட்டு வென்றவர் தன் துரும்புக் கடதாசியை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைப்பார். தோற்ற சோடி வென்ற சோடிக்குக் காய் கொடுக்கும். ரயில் வவுனியாவுக்கு வரும்போது ஆட்டம் ஒருநாளும் முடிந்திருக்காது. ஆகவே அவரவர் காயை அவரவர் வீட்டுக்குக் கொண்டு போய், அடுத்த நாள் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தப் பெட்டியின் எழுதாத சட்டம்.

வீரகத்தியருக்கு ஒரு பழக்கம். கடதாசி போடும்போது ஒவ்வொன்றுக்கும் பெருவிரலை நாக்கில் தொட்டு எடுப்பார். எச்சில் தொட்டுக் காசு எண்ணுகிறவர்கள், புத்தகம் புரட்டுகிறவர்கள் எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள், இது அப்படியல்ல. இவர் விரலை வாய்க்குள் முழுதாக விட்டுச் சூப்பி எடுப்பார். அந்த விரல் ஊறி, வெளிறி, நுனி சுருங்கிக் கிடந்தது. கடதாசிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவற்றைப் பிரிக்கும்போது மெல்லிய ஒரு ‘சப்’ சத்தம் கேட்கும். எடுத்து முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் பழஞ்சோற்றுத் தண்ணியும் மாட்டுத் தொழுவமும் கலந்த ஒரு மணம் குப்பென்று அடிக்கும். பிரேமிளாவுக்கு அந்த மனுசனைப் பிடித்துத் தள்ளிவிட்டு எழுந்து போக வேண்டும் போல அருவருப்பாக இருந்தது. ஆனால் கடதாசியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னால், “என்ன, இப்ப எல்லாம் மணக்குதோ?” என்று நாகேஸ்வரி அக்கா கேட்பா. அவாவின் கண் பொல்லாத கண், ஒரு பார்வையிலேயே மாதக்கணக்குச் சொல்லிவிடுவா.

அவளுக்கு நாலாம் மாதம். ரயிலில் ஒருவருக்கும் சொல்லவில்லை, அலுவலகத்திலும் சொல்லவில்லை. முதல் இரண்டு கருவும் ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்ட பிறகுதான் போயின. இரண்டாவது போனபோது கணவன் நிரஞ்சன் ஆஸ்பத்திரி மதிலோடு சாய்ந்து நின்று அழுததை அவள் யன்னலால் பார்த்திருக்கிறாள். இது நிற்க வேண்டும். எப்படியாவது இது நிற்க வேண்டும். ஒருநாள் காலை பாவாடையில் ஒரு சொட்டு இரத்தம் கண்டதிலிருந்து அவளுடைய மனம் அந்த ஒரு சொட்டையே சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் ரயில் முறிகண்டி தாண்டி, மழை யன்னலில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தபோது வீரகத்தியர் குனிந்தார். அவருடைய முழங்கால் அவள் முழங்காலில் பட்டது.

“நிக்குமோ எண்டு பயமே, பிள்ளை?”

அவள் திடுக்கிட்டுப் போனாள். “என்ன ஐயா?”

“மாடும் கண்டும் பாத்து வாழுறவனுக்குத் தெரியாதே?” நல்ல வேளை, ரஜிதனும் நாகேஸ்வரி அக்காவும் போன ஆட்டத்தைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். “என்ரை மகள் ஜெயரூபிக்கும் மூண்டு நிக்கேல்லை. இது நாலாவது. அசையாமல் நிக்குது. நிக்கப் பண்ணலாம், பிள்ளை.”

அவர் விரலைச் சூப்பிவிட்டு அடுத்த கடதாசியை எடுத்தார்.

அந்தக் கிழமை முழுக்க அவளுக்குப் புளிப்பில் ஆசை. வறுத்துப் புளிக்கரைசலில் ஊறவைத்த புளியங்கொட்டையை ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்து, மடியில் வைத்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டு ஊறப்போடுவாள். அதே மடியில்தான் லேஞ்சியில் காயும் கிடக்கும். சின்ன விசயம்தான். கையில் நல்ல கடதாசி வந்த மனிதன் மடியைப் பார்ப்பதில்லை.

அன்று அதே பயணத்தில் அவளுக்கு வந்த கை அப்படி. கலாவரை வகையில் பெரியதெல்லாம் அவளிடம். பயப்படாமல் உயரக் கேட்டாள், துரும்பைக் கவிழ்த்து வைத்தாள். “மங்குளத்துக்கு முதல் அக்காமாரின்ரை காய் முழுக்க எங்கடை பக்கம்” என்று ரஜிதன் வீரம் பேசினான். ஆட்டம் சூடு பிடித்தது. கேட்ட வகை இல்லாதவர் கடதாசியைக் கவிழ்த்துத்தான் போட வேண்டும். துரும்பு வைத்தவர் மட்டும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். வீரகத்தியர் கவிழ்த்துப் போட்டார். அவள் புரட்டப் போனாள். அது மேசையாக வைத்திருந்த பைல் மட்டையில் எச்சிலால் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். துரும்பு இல்லை. இன்னும் ஒரு பிடி போதும். இடக்கை தன்பாட்டில் மடிக்குப் போனது, ஒன்றை எடுத்தது, வாயில் போட்டது.

புளிக்கவில்லை.

நாக்கில் கிடந்தது வெதுவெதுவென்று இருந்தது. பல்லு வைத்தால் அமிழ்ந்து கொடுத்தது. துருப்பிடித்த ஆணியைச் சூப்பின மாதிரி ஒரு சுவை மெல்ல ஊறி வாய் முழுக்கப் பரவியது. அவள் துப்புவதற்காக யன்னல் பக்கம் திரும்பினாள். அதற்குள் அது நாக்கின் அடிக்கு நகர்ந்தது. அவள் விழுங்கவில்லை, அதை அவள் பிறகு எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவாகத்தான் போனது. தொண்டைக்குள் சின்னச் சின்னதாய்ப் பிடித்துப் பிடித்து இறங்கியது.

“என்ன தங்கச்சி, முகம் இப்பிடிப் போச்சு? ஆட்டம் எங்கடை எல்லே!” என்றா நாகேஸ்வரி அக்கா.

எதிரே வீரகத்தியர் தோற்றவர் போல இல்லை. கோவிலில் பூசை ஒழுங்காக முடிந்ததைப் பார்த்த மனிதரைப் போல, நிறைவாகச் சிரித்தார்.

“உங்கடை பக்கம் காய் ஒண்டு குறையுது. அது பரவாயில்லை, பிள்ளை. அது போன இடத்திலை இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து தொண்டைக்குள் விரலை விட்டு விட்டுச் சத்தி எடுத்தாள். புளியங்கொட்டைத் தோலும் தேத்தண்ணியும் வந்தன. வேறொன்றும் வரவில்லை.

ஆனால் இரத்தம் நின்றுவிட்டது. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. ஸ்கான் பார்த்த டொக்டர், “இந்த முறை ஒரு பயமும் இல்லை, நல்லா நிக்குது” என்றார். நிரஞ்சன் வீதியிலேயே அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அப்படி நடக்கிற ஆளே இல்லை அவன். அவளுக்கும் சந்தோசம்தான். பொய் சொல்லக்கூடாது, அந்த அருவருப்புக்கு மேலே அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. எதையோ விழுங்கினேன் என்று டொக்டரிடம் சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமலே வந்துவிட்டாள். நிற்கிறதை ஏன் கலைக்க வேண்டும்?

பிறகு அவள் வெளிறத் தொடங்கினாள்.

முதலில் நகம் வெளிறியது, பிறகு உதடு. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை; குசினியில் கழுவ வைத்திருந்த ஈரல் துண்டின் மணம் இனிப்பாக வந்தது, அதை நினைத்தே அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. படுத்திருக்கும்போது அடிவயிற்றில் ஒரு இழுவை. குழந்தை உதைப்பதைப் பற்றி எத்தனையோ பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். இது உதை இல்லை. நிறுத்தி நிறுத்தி, பொறுமையாக, ஒரு உறிஞ்சல்.

நாகேஸ்வரி அக்காவிடம் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அவா ரயிலுக்குள்ளேயே அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தா. அன்று வீரகத்தியர் வரவில்லை, ரஜிதன் வாசலில் நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தான்.

“ஒரு சொட்டு இரத்தம் இல்லையடி உனக்கு! நாளைக்கே வந்து இரத்தம் சோதிக்கிறாய்.” பிறகு குரலைத் தாழ்த்தினா. “உப்பிடித்தான் இந்த ஐயான்ரை மகளும். நேற்று வாட்டிலை பாத்தனான். ஏத்த ஏத்தக் காணாதாம், இரத்தம் எங்கை போகுதெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. பெட்டை துணி மாதிரிக் கிடக்குது. வயிறு மட்டும் நல்லாக் கொழுத்துப் போய்...” அவா முகத்தைச் சுளித்தா. “இத்தினை வருசத்திலை நான் வயிறு தொட்டுப் பாக்கக் கூசினது அதொண்டைத்தான். தலை எது, கால் எது எண்டு கைக்குப் பிடிபடேல்லை.”

அடுத்த நாள் கிளிநொச்சி மேடையில் மழைக்கு ஒதுங்கி ஒரு பசு நின்றது. ஆளில்லாமல் திரிகிற கட்டாக்காலி மாடு, எலும்பும் தோலும். பிரேமிளா அதன் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் இருந்தாள். ரயில் தாமதம். பசு தலையை ஆட்டி ஆட்டிக் காதை உதறியது. காதின் உட்புறத்தில் கொத்தாக ஏதோ தொங்கின. சாம்பல் நிறம். வழுவழுப்பு. ஆமணக்கங்கொட்டை போல. பசு இன்னொரு தரம் உதற, ஒன்று கழன்று சீமெந்துத் தரையில் ‘பொத்’ என்று விழுந்தது. விழுந்து கொஞ்ச நேரம் கொட்டை போலவே கிடந்தது. பிறகு கறுத்த முனையிலிருந்து கால்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

உண்ணி.

மாட்டு உண்ணி. வன்னியில் பிறந்தவளுக்கு உண்ணி தெரியாதா? தெரியும். ஆனால் நாலு மனிதர்கள் கடதாசி விளையாடுகிற இடத்தில், ஒரு பெரியவர் கையால் தருவதை, உண்ணி என்று யார் நினைப்பார்கள்?

கைப்பையைத் திறந்தாள். திறக்காமல் விட்டிருக்கலாம். லேஞ்சியின் முடிச்சு அசைந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து, மெதுவாக, எல்லாப் பக்கமும் அசைந்தது. அவள் லேஞ்சியைத் தண்டவாளத்தில் வீசி எறிந்தாள். ஓங்காளித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு மேடையின் ஓரத்தில் குந்தி இருந்து ஓங்காளித்துக்கொண்டே இருந்தாள். வயிற்றிலிருந்து ஒன்றுமே மேலே வரவில்லை. உள்ளே ஏதோ இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் பின்னேர ரயிலில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தாள். நாளை டொக்டரிடம் சொல்லுவேன் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். சொன்னால் எடுத்துவிடுவார்கள். எடுத்தால் மூன்றாவதும் போய்விடும். நிரஞ்சன் மீண்டும் அந்த மதிலோடு சாய்ந்து நிற்பான். வேண்டாம். இரத்தச் சோதனைக்கும் போகவில்லை. ஒருவேளை அது செரித்துப் போயிருக்கும், ஒருவேளை இது பிள்ளைதான், வெறும் இரத்தச்சோகைதான். அப்படி நினைத்து நினைத்து மார்கழி வந்தது.

மார்கழியில் ஒரு விடியற்காலை வவுனியாவில் பஸ் இல்லை, ஓமந்தைப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம். வேறு வழியில்லாமல் கிளிநொச்சிக்குப் போகிற ரயிலில் ஏறினாள். பள்ளிக்கூட விடுமுறை, பெட்டி வெறிச்சோடிக் கிடந்தது. மழை இருட்டு. விளக்குப் போடவில்லை. ரயில் புறப்பட்ட பிறகுதான் அந்த மணம் வந்தது. பழஞ்சோற்றுத் தண்ணி. தொழுவம்.

“இஞ்சை வாங்கோ, பிள்ளை. விளையாட ஒரு கை காணாமல் இருக்கிறன்.”

வழக்கமான இடத்தில் வீரகத்தியர் இருந்தார். காலுக்கிடையில் கரியர் இல்லை. மடியில் ஒரு துவாய்ப் பொட்டலம், பிறந்த பிள்ளையைச் சுற்றுகிற மாதிரிச் சுற்றியிருந்தது. எதிரே இருந்துவிட்டாள், வேறெங்கும் போகத் தெம்பு இல்லை.

“பேரன்” என்றார். “நேற்றுக் கிடைச்சது.”

“மகள்?”

“அவள் போயிட்டாள்.” மழை பெய்கிறது என்று சொல்லுகிற குரல். “தாய் போறதுதான். நிறைஞ்சாப் பிறகு கழண்டிடும், அதின்ரை வழமை அதுதான். என்ரை மனிசியும் உப்பிடித்தான் போனவள், இவளைப் பெறேக்கை. ஆனால் பிள்ளை நிண்டது பாத்தியளே?”

அவர் பெருவிரலைத் துவாய்க்குள் விட்டார். உள்ளே சூப்புகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. விரலை வெளியே எடுத்தபோது அது ஊறி, வெளிறி, நுனி சுருங்கியிருந்தது. அதைத் தன் வாயில் வைத்துச் சூப்பினார். கடதாசியை எடுத்தார்.

“ஐயா.” அவள் இரண்டு கையையும் கூப்பினாள். “எடுத்து விடுங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே எப்பிடி எண்டு. கும்பிட்டன் ஐயா, எடுத்து விடுங்கோ.”

“இழுக்கக் கூடாது, பிள்ளை. உடம்பு கையோடை வரும், தலை உள்ளுக்குள்ள நிண்டிடும்.” அவருக்கு உண்மையாகவே அவள்மேல் இரக்கம். அதுதான் இன்னும் பொல்லாதது. “நிக்கோணும் எண்டுதானே மனசுக்குள்ளை கேட்டனீங்கள். கொஞ்சம் பிடியுங்கோ, நான் கடதாசி போட்டிடுறன்.”

பொட்டலத்தை அவளுடைய மடியில் வைத்தார்.

பாரமாக இருந்தது. பிறந்த பிள்ளைக்கு இருக்க முடியாத பாரம். சூடு. துவாயில் ஈரம். அழுகை இல்லை, மூச்சும் இல்லை. அவர் நாலு பேருக்குமாகக் கடதாசி போட்டார். சப். சப். சப். யாருமில்லாத இரண்டு இடங்களுக்கும் போட்டார்.

அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

துவாயின் ஓரத்தை விலக்கினாள்.

முகம் இல்லை. சாம்பல் நிறத் தோல், ஊதி இறுகி, மினுங்கியது. கழுத்து இல்லை. கை இல்லை. ஒரு முனையில் மட்டும் சின்னதாய்க் கறுப்பு. அந்தக் கறுப்பைச் சுற்றி, மடித்து வைத்திருந்த கால்கள் விரியத் தொடங்கின. இரண்டல்ல. நாலல்ல. ஒவ்வொன்றும் தடவித் தடவி அவளுடைய சேலையைத் தேடிப் பிடித்தது.

அவள் தள்ளினாள். அது கழரவில்லை.

மடியிலிருந்து அது மெல்ல அவளுடைய வயிற்றின் பக்கம் திரும்பியது. கறுத்த முனையைத் தொப்புளுக்கு நேரே வைத்து அழுத்தியது. அதே இடத்தில், தோலின் மறுபக்கத்திலிருந்து, உள்ளே இருந்தது அதற்கு எதிரே வந்து முட்டியது.

“கேளுங்கோ, பிள்ளை” என்றார் வீரகத்தியர், தன் கடதாசியை விரித்துக்கொண்டு. “உங்கடை கேள்விதான்.”